பிராகிலிருந்து வந்த பாட்டில்

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள்.

அப்புக்குட்டி, பிராக் ஊரில் உன்னோடு ஒரே அறையில் இருந்த குமுளிக்கார ஜிபின் இன்று உன் போட்டோவுக்கு மாலை போட வந்தான். நாளைக்கு உனக்குப் படையல் வைக்க வேண்டுமே, அங்கே எதை விரும்பித் தின்றாய் என்று கேட்டேன்.

"பன்னிக்கறிக் குழம்பு அம்மே. கூட, மாவை அவிச்சு வட்டமா அறுத்துத் தருவாங்க," என்றான். அதை நான் செய்துவிடுவேன். பிறகு பையிலிருந்து ஒரு பீர் பாட்டிலை எடுத்து உன் போட்டோ முன்னால் வைத்தான்.

ஓட்டலில் வேலை என்றுதான் நீ சொல்லியிருந்தாய். சாயங்காலமானால் சுற்றுலா வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பீர்க்கடை பீர்க்கடையாகப் போய், அந்த ஊர் பீரையும் சாப்பாட்டையும் விளக்குவதாம் உன் வேலை. செல்போனில் காட்டினான். நுரை வழியும் கிளாசைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய்.

உன் அக்காவுக்கு வந்ததே கோபம். "அய்யா குடிச்சே செத்தாக. இவனுக்கும் பாட்டில் வச்சுக் கும்பிடணுமாக்கும்? வச்சா நான் இங்கன நிக்க மாட்டேன் ஆத்தா."

"அவன் குடிச்சானாப்பா?" என்று ஜிபினிடம் கேட்டேன்.

"நான் கூடப் போனதில்ல அம்மே. எனக்கு நைட் ஷிப்ட்," என்று தலையைக் குனிந்துகொண்டான்.

உன் அய்யாவை எடுத்த அன்று, என் தலையில் கை வைத்து, சாகும்வரை தொட மாட்டேன் என்றாய். ஆசைப்பட்டதை வைக்காவிட்டால் ஏக்கத்தோடு திரும்பிப் போவாயோ என்றிருக்கிறது. தொடாதவனுக்கு வைத்தால், பெத்தவளே நம்பவில்லை என்று நினைப்பாயோ. பாட்டிலை எடுக்கவும் கை வரவில்லை. அந்தக் கிளாசை நீ குடித்தாயா அப்புக்குட்டி, வந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டாயா?