ஹாலிஸ் பட்டாணி

ஏப்ரல் 11, திங்கள்

கடைசிப் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன். ஹாலிஸ் தன் தோட்டத்தின் நடுவில் நிற்கிறான். இடுப்பில் கை, முகத்தில் ராணுவத் தளபதி தோரணை. தோட்டத்தில் பாதி பனி, மீதி சேறு. எதை ஆள்வதாக நினைப்பு?

அடுத்த திங்கள், ஏப்ரலின் மூன்றாவது திங்கள், தேசபக்தர் தினம். அன்றைக்குப் பட்டாணி விதைக்க வேண்டும் என்று இந்த மெய்ன் மாநிலத்தில் யாரோ எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள். துப்பாக்கி தூக்கிச் சண்டைபோட்ட தேசபக்தர்களுக்கும் பட்டாணிக்கும் என்ன சம்பந்தம் என்று எவரும் கேட்டதில்லை. ஹாலிஸ் தேவாலயத்துக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பான், அந்த நாளைத் தவறவிட மாட்டான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயாவது எழுதுகிறேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் முப்பத்தொரு தேசபக்தர் தினம் வந்தது. முப்பத்தொரு முறையும் அவன் விதைத்தான். ஐந்து முறை முளைத்தது. மற்ற இருபத்தாறு முறையும் விதை குளிர்ந்த சேற்றில் அழுகியது. மே முதல் வாரத்தில், அவன் மர ஆலைக்கு வேலைக்குப் போன பிறகு, அதே வரிசையில் நான் புது விதை போட்டேன். முளைத்ததும் அவன் ஊரெல்லாம் சொல்லுவான்: "நாள் பாத்துப் போட்டா தானா வரும்."

தானாம்!

ஜூலை நாலாம் தேதி விவசாயிகள் சங்கக் கூடத்தில் ஊருக்கே சால்மன் மீனும் பச்சைப் பட்டாணியும் விருந்து. பட்டாணி யார் தோட்டத்தது என்று வாசல் கரும்பலகையில் எழுதுவார்கள். முப்பத்தொரு வருடமும் ஹாலிஸ் பெயர்தான். போன அக்டோபரில் விவாகரத்து ஆனது. வீடும் தோட்டமும் அவனுக்கு, நாயும் அவனுக்கு. எனக்குத் தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு, கொல்லையில் பன்னிரண்டடிக்கு இருபதடி மண்.

இந்த வருடம் அந்தப் பலகையில் என் பெயர் வர வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை என்று எழுத வந்தேன். பொய். அப்போது அவன் முகத்தையும் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 18, தேசபக்தர் தினம்

ஆல்டா போன் செய்தாள். ஜூலை விருந்துக்கு அவள்தான் எல்லாம்.

"ஏண்டி வெர்னா, ஊரே இன்னிக்கு விதைக்குது. நீ மட்டும் தூங்குறியா?"

"மண்ணு இன்னும் தூங்குதே, ஆல்டா."

"உன் புருஷன் அஞ்சு வரிசை போட்டாச்சாம்."

"முன்னாள் புருஷன்."

"பட்டாணிக்கு முன்னாள் என்ன, இந்நாள் என்ன? பேசாம அவன் பேரையே எழுதிடவா?"

போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் அடுப்படியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். விதைப் பொட்டலத்தைப் பிரித்தேன், மடித்தேன், மறுபடி பிரித்தேன். வெட்கக்கேடு.

ஏப்ரல் 20

பனி. நாலு அங்குலம். தேசபக்தர்கள் போர்வைக்குள்.

ஏப்ரல் 27

எனக்கென்று ஒரு சோதனை உண்டு. காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நின்று அறுபது எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் கெட்ட வார்த்தை வராவிட்டால் விதைக்கலாம். வந்தால் காத்திருக்க வேண்டும்.

இன்று பதினொரு வார்த்தை. கடிதம் வாங்க வந்த எல்வுட் பெரியவர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். எண்பத்தாறு வயது, காது மட்டும் பாம்புக் காது.

"ஒம்பதாவது வார்த்தைய நான் கப்பல் படையில கேட்டதுதான் பொண்ணே. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்."

மே 2

இந்த விதைக்கு அறுபது நாள். ஜூலை நாலிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மே ஐந்து. இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. கால் சோதனையில் நாலு வார்த்தை.

முப்பத்தொன்றில் ஐந்து முறை அவனுக்கும் முளைத்ததே? இந்த வருடம் ஆறாவதாக இருந்தால்? அவன் பட்டாணி பலகையில் ஏறி, நான் கையில் காலிப் பாத்திரத்தோடு — ஐயோ, நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. நாளைக்கே போட்டுவிடட்டுமா? அழுகினால்? அவனுக்காகப் பொறுமையாக இருந்தவளுக்குத் தனக்காக இருக்கத் தெரியவில்லை.

மே 4

இரண்டு நாள் நல்ல வெயில். அறுபது எண்ணினேன். ஒரே ஒரு வார்த்தை, அதுவும் கல் குத்தியதால். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விதைத்துவிட்டேன். மூன்று வரிசை.

மே 6

செய்யக்கூடாததைச் செய்யப் பார்த்தேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகையில் பேருந்தை ஹாலிஸ் வேலியோரம் நிறுத்தினேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் மஞ்சள் பேருந்து, அதை நிறுத்திவிட்டுத் திருட்டுத்தனமாக உள்ளே போனவள் நான். நாய் குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் கையை நக்கியது. வரிசையை விரலால் கிளறினேன். விதை நசுங்கிக் கூழாக வந்தது. அந்த நாற்றம் எனக்கு இருபத்தாறு வருடப் பழக்கம்.

சட்டைப் பையில் விதைப் பொட்டலம் இருந்தது. நான் எடுத்து வைத்ததாக நினைவே இல்லை. கை தானாக வைத்திருக்கிறது! மண்டிபோட்டு உட்கார்ந்தேன். ஒரு குழிகூடத் தோண்டிவிட்டேன். அப்புறம்தான், என்னடி செய்யுற நீ, உனக்கு வெக்கமே கெடையாதா என்று என்னையே திட்டிக்கொண்டு, குழியை மூடிவிட்டு ஓடிவந்தேன்.

வீட்டுக்கு வந்து நகத்திலிருந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கோபமா, பாவமா, தெரியவில்லை.

மே 16

முளைத்துவிட்டது! மூன்று வரிசையும்! பேருந்தில் பாட்டுப் பாடினேன். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஜூன் 9

ஹாலிஸ் வந்தான். கதவைத் தட்டிவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் கண் நேராக என் கொல்லைக்குப் போனது. பட்டாணிக் கொடி கம்பி வலையில் இடுப்பு உயரம் ஏறியிருந்தது.

"போகும்போது என் மண்ணுல என்னத்தப் போட்டுட்டுப் போன? உப்பா?"

"ஒண்ணும் போடல. அதான் உன் பிரச்சனையே."

"புரியற மாதிரி சொல்லு."

சொன்னேன். எல்லாவற்றையும். வருட வருடமாக. அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தனை வருஷம்?"

"இருபத்தாறு."

"மிச்சம் அஞ்சு?"

"அது உன்னோடது. அதுல நான் கை வைக்கல."

"ஏன் சொல்லல?"

"முதல் வருஷம் பாவமா இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் சொன்னா முதல் வருஷத்தையும் சொல்லணும். அப்புறம் நீ ஊரெல்லாம் பீத்திக்கிட்டதக் கேட்டு வயிறு எரிஞ்சுது. எரியட்டும்னு விட்டுட்டேன்."

"முப்பது வருஷமா என்னை முட்டாளா வெச்சிருந்திருக்க."

  அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்னதில் தப்பு இருக்கிறதா? உதவி செய்தேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உதவிதானா அது?

ஜூன் 28

பூ உதிர்ந்து காய் வந்திருக்கிறது. உள்ளே பட்டாணி இல்லை, தட்டையாகக் கிடக்கிறது. தினமும் நாலு முறை போய் அமுக்கிப் பார்க்கிறேன். கொடிக்கு வெறுத்துப்போயிருக்கும்.

ஜூலை 3

பறித்து உரித்தாயிற்று. ஒரு வாளி. கட்டைவிரல் நகம் பச்சையாகிவிட்டது. ஆளுக்கு மூன்று கரண்டி வரும் என்று ஆல்டா சொல்கிறாள். நாலாவது கரண்டி கேட்பவன் எவனும் பட்டினியால் சாகப்போவதில்லை.

ஜூலை 4

வாளியோடு கூடத்துக்குப் போனால் பலகையில் கொட்டை எழுத்தில்: பட்டாணி — ஹாலிஸ்.

"ஆல்டா!"

"ஐயோ, கை பழக்கம்டி. மீன் தீயுது, அப்புறம் மாத்துறேன்."

அப்புறம் என்பது வரவே இல்லை. நூறு பேர் அந்தப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்தார்கள். ஹாலிஸும் வந்தான். அதன் முன்னால் நின்று நிதானமாகப் படித்தான். போய் உட்கார்ந்தான். சரி, இந்த வருடமும் போச்சு என்று நினைத்தேன். சாப்பாட்டின் நடுவில் எழுந்து நின்று கத்துவதா? அதற்கும் ஒரு முகம் வேண்டுமே.

எல்வுட் பெரியவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னதே கிடையாது.

"ஹாலிஸ், இந்த வருஷம் என்னப்பா இப்பிடி இனிக்குது! தேசபக்தர் தினத்துல போட்டதா?"

ஹாலிஸ் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். தண்ணீர் குடித்தான்.

"நான் அன்னிக்குத்தான் போட்டேன் பெரியவரே. ஒண்ணுகூட முளைக்கல."

"அப்ப இது?"

முள்கரண்டியால் என்னைக் காட்டினான். "அவளோடது." பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை வருஷம் நீங்க தின்னதும் அவளோடதுதான்."

 எல்லாரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள், அதில் எழுதியிருக்கிற மாதிரி. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதானே இத்தனை பாடு? என்னால் பார்க்க முடியவில்லை. அடுக்களைக்குள் போய், யாரும் கழுவச் சொல்லாத பாத்திரத்தையெல்லாம் கழுவினேன். அழுதேன். எழுதியாயிற்று, போதும்.

பாத்திரம் காலியான பிறகு ஆல்டா பலகையில் பெயரை மாற்றினாள். வாசிக்க ஆள் இல்லை, நானும் எல்வுட்டும்தான். அவர் கண்ணாடி இல்லாமல் வந்திருந்தார்.

ஏப்ரல் 17, மறுபடியும் தேசபக்தர் தினம்

வெயில் அடிக்கிறது, ஆனால் நம்பக்கூடாத வெயில். பேருந்தில்லாத நாள் என்று காரில் ஒரு சுற்றுப் போய்வந்தேன். வழியில் ஒரு தோட்டத்திலும் ஆள் இல்லை.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஆல்டா, அவள் தங்கை, எல்வுட் பெரியவர். எல்லாருக்கும் ஒரே கேள்வி, நானும் ஒரே பதிலைச் சொன்னேன்.

மதியம் ஹாலிஸ்.

"போடலாமா?"

"இன்னும் இல்ல."

 போனில் நாய் மூச்சு வாங்குவது கேட்டது.

"சரி," என்றான். "ஆனதும் சொல்லு."