ஃப்ரிட்ஜில் கிட்டு

சித்திரை 24, புதன்

தண்ணீரிலேயே வாழும் பல்லி மாதிரிப் பிராணியான என் ஆக்ஸலாட்டல் கிட்டு ஆறு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. புழு வீட்டுக்குள் வரக்கூடாதென்று அம்மா சொன்னதால் பன்னீரைத்தான் துருவிப் போட்டேன். இன்று அதைக் கேட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

“திருச்சி வெயில்ல தண்ணி சுடுதுங்க. டப்பாவோட ஃப்ரிட்ஜ்ல வைங்க. மண்புழு போடுங்க.”

பெருமாளுக்குப் பால் வைக்கிற ஃப்ரிட்ஜ் அது. அம்மாவிடம் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் புழு வாங்கப் போனேன். திரும்பி வந்தால் பாலும் மாவும் வெளியே இருக்கின்றன, நடுத்தட்டில் கிட்டு.

“மாவு புளிச்சா புளிச்சுட்டுப் போறது. புழுவை நீயே போடு. நான் பார்க்கமாட்டேன்.”

போட்டேன். கிட்டு தொடவில்லை. அதற்குப் பிறகு அம்மா மூன்று தடவை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டாள். குளிர் போயிடும்மா என்று நான்தான் அதட்டவேண்டியிருக்கிறது.