ஹாஷ் காவலில் ஒரு டோஸ்ட்

11 நவம்பர், செவ்வாய்

என் வாய்க்குத் தடை உத்தரவு. பிறப்பித்தவள் என் தங்கை மௌரீன். இருபத்தொன்பதாம் தேதி அவள் மகள் ஆஷ்லிக்குக் கல்யாணம். விருந்தில் ஒயின் கிளாஸைத் தூக்கி டோஸ்ட் என்கிற வாழ்த்துரை சொல்வது தாய்மாமனான என் பிறப்புரிமை. "போன வருஷம் பண்ணதே போதும்ணா" என்கிறாள்.

என்ன செய்துவிட்டேன்? எங்கள் அண்ணன் மகன் ஃபிராங்க்ளின் கல்யாணத்தில், மாப்பிள்ளை பள்ளி நாளிலேயே சிறுத்தையை வாலைப் பிடித்து நிறுத்தியவன் என்றேன். பெண் வீட்டார் அவனைப் பன்னர்கட்டா மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப்போய், "எங்க, காட்டுங்க" என்றால் அது என் குற்றமா?

இப்போது டோஸ்ட் அந்த ஃபிராங்க்ளினுக்காம். "தேங்க் யூ, சாப்பிடுங்க" என்று உட்கார்ந்துவிடுவான். எங்கள் காக்ஸ் டவுன் பேட்டைச் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய துயரம் உண்டா?

14 நவம்பர், வெள்ளி

ஆஷ்லி எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸிலிருந்து வந்து சமரசம் செய்தாள். வீட்டு லேப்டாப்பில் எழுதிக் காட்டினேன். தாயும் மகளும் என் அழகான பொய்களை எல்லாம் வெட்டினார்கள். மிச்சத்தை மௌரீன் கேட்டு "ம்" என்றாள். அவ்வளவுதான் அனுமதி.

அவள் உள்ளே போனதும் ஆஷ்லி குரலைத் தாழ்த்தினாள். "மாமா, இந்த ஃபைலோட ஹாஷை என் போன்ல வெச்சிருக்கேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மறுபடி எடுப்பேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா மைக் உங்களுக்கு. இல்லேன்னா ஃபிராங்க்ளின். அம்மாவுக்குச் சொல்லாதீங்க."

ஹாஷ் என்றால், ஃபைல் முழுவதையும் கணக்கில் போட்டு அரைத்துப் பிழிகிற சாறாம். எண்ணும் எழுத்துமாய் ஒரே வரி. ஃபைலின் கைரேகை.

நல்லது, ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன் என்று ப்ராமிஸ் பண்ணினேன். நான் பார்க்காத போலீஸா?

16 நவம்பர், ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், ஆஷ்லி காட்டித்தந்த வழியில் ஹாஷ் எடுத்துச் சோதனை. ஃபைலை நகலெடுத்து, நகலில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை நீக்கினேன். ஆண்டவரே! ஒரு புள்ளிக்கு வரி முழுக்கத் தலைகீழ். புள்ளியைத் திரும்ப வைத்தேன். பழைய வரியே வந்தது. ஃபைலின் பெயரை, என் பெயரைச் சேர்த்து 'மாமன்னர் சில்வெஸ்டர் உரை' என்று மாற்றினேன். அதற்கு மட்டும் அசையவே இல்லை. பட்டத்துக்கு மயங்காத ஜென்மம்.

தோற்றேன். வாழ்க்கையில் முதல்முறை.

21 நவம்பர், வெள்ளி

ஒரு வாரமாக உண்மை மட்டுமே பயிற்சி. தொண்டை கட்டிவிட்டது.

28 நவம்பர், வெள்ளி

ஹாஷ் பொருந்தவில்லை!

"மாமா, ப்ராமிஸ் பண்ணீங்களே." கல்யாணப் பெண்ணின் கண்ணில் தண்ணீர். ஐயோ, நான் தொடலையேடி! நகலைத்தான் தொட்டேன், நிஜமா! யார் நம்புவார்? ஆயுள் முழுக்கப் புளுகியவன் ஒருநாள் நிரபராதியாய் நின்றால் இதுதான் கதி.

"மாறியிருக்குன்னுதான் ஹாஷ் சொல்லும். யாரு மாத்துனாங்கன்னு சொல்லாது" என்றாள். அப்படியானால் ஃபைலைத் திற! எனக்கு மனப்பாடம். வரி வரியாக இறங்கினேன். நடுவில் ஒரு அந்நியன்:

'மணப்பெண்ணின் தாய் இளமையில் சைக்கிளில் போனால், போலீஸ்காரர் விசில் ஊத மறந்து மூன்று பஸ்கள் முட்டிக்கொள்ளும்.'

இது என் பொய் இல்லை. என் பொய்களின் முகம் எனக்குத் தெரியாதா? நான்கூட இரண்டு பஸ்ஸோடு நிறுத்தியிருப்பேன்.

இருவரும் சமையலறையைப் பார்த்தோம். மௌரீன் துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கிறீங்க? எல்லாரைப் பத்தியும் எழுதியிருந்துது. என்னைப் பத்தி ஒரு வரி கூட இல்ல."

"அம்மா! நீங்களா?"

"ஏன், நான் சுமாரா இருந்தேனா?"

ஆஷ்லி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியோடு புது ஹாஷ் எடுத்தாள். பிரிண்டும் எடுத்தாள். மைக் எனக்கு!

30 நவம்பர், ஞாயிறு

நேற்று கூடம் நிறைந்த கூட்டம். எழுதியதை எழுதியபடியே வாசித்தேன். பஸ் வரி வந்ததும் சிரிப்பு வெடித்தது. மாப்பிள்ளை பாலகுமாரின் சித்தப்பா எழுந்து, "மூணு பஸ்ஸா? சும்மா ஏத்தி விடாதீங்க சார்!" என்று கத்தினார்.

நான் வாயைத் திறக்குமுன் மௌரீன் எழுந்தாள். பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அண்ணன் குறைச்சுச் சொல்லுது. நாலு."

ஆஷ்லி தலையில் கைவைத்தாள். நான் காகிதத்தை உயர்த்திக் காட்டினேன். அதில் மூன்று என்றுதான் இருந்தது.