நாலாம் நம்பர் ட்ரே

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். ரயிலில் ஆறு மணி நேரமும் உன் மாப்பிள்ளை தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார், ததும்பும் குடத்தைச் சுமக்கிறவர் மாதிரி. வண்டி குலுங்கிய போதெல்லாம் டிரைவருக்குத் திட்டு. எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். "தலைப்பாகை ஏதுங்க, முடிதான் போச்சு" என்று இவர் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டினார்.

கட்டி சாதுவான ஜாதிதான், திரும்ப வராது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன், சிரிக்காதே. நீ அந்த ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? எப்போது கண்ணாடிக் கடையைத் திறக்கலாம் என்று இல்லை. "எப்ப ரத்தம் குடுக்கலாம்?" ஆறு மாதம் போகட்டும் என்றார் டாக்டர். ஆகஸ்ட் பதினாலாம் தேதி முகாம் இருக்கிறதாம், காலண்டரில் வட்டம் போட்டாகிவிட்டது. இதுவரை நாற்பத்தொன்பது தடவை. ஐம்பதைத் தொடாமல் இவர் கண் மூடமாட்டார்.

போனில் பேசலாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து என் ஒவ்வொரு வார்த்தைக்கும் உரை சொல்கிறார். அதனால் பழையபடி கடிதம்தான்.

ஓர் உதவி. ஏழாம் வகுப்புக்கு அடுத்த பாடம் நோய்க்கிருமிகள். புத்தகத்தில் நாலு படம், நாலு பெயர், பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். காலையிலிருந்து மாலைவரை அதுகளைக் கொல்வதுதானே உன் பிழைப்பு. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புத் தங்கை

மார்ச் 11

வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வள்ளலிடம் சொல், ஆறு மாதம் என்றால் ஆறு மாதம், ஒரு நாள் முந்தினாலும் நானே வந்து ஊசியைப் பிடுங்குவேன்.

பாடத்துக்கு வருவோம். பாக்டீரியா தனிக்குடித்தனக்காரன். ஈரமும் கொஞ்சம் அழுக்கும் இருந்தால் யார் தயவும் இல்லாமல் பிழைத்துக்கொள்வான், இருபது நிமிடத்தில் ஒருவன் இருவராவான். அவர்களில் சிலர் காலம் சரியில்லை என்றால் ஓடு கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடுவார்கள், வேலை சொன்னால் போர்வைக்குள் போகும் நம் சித்தப்பா மாதிரி. வைரஸ் வீட்டோடு மாப்பிள்ளை. சொந்தமாக அடுப்பு கிடையாது. நம் உயிரணுவுக்குள் புகுந்து, நம் அடுப்பில் தன் சமையலைச் செய்து, வீட்டையே காலிசெய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். பூஞ்சை பொறுமைசாலி. திடமானவர்களுக்குத் தோலில் அரிப்போடு விடும், உடம்பு தளர்ந்தவர்களின் நுரையீரலில் பாய் விரித்துப் படுக்கும். பிறகு ஒட்டுண்ணிகள். கொசு கொண்டுவரும் மலேரியா, தண்ணீரில் வரும் அமீபா, குடலில் முழம் முழமாக வளரும் புழு எல்லாம் அந்தக் கணக்கு. புழுவைக் கண்ணால் பார்க்கலாம், அதனால் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

எங்கள் அறையில் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். அறுவைக் கருவிகளைக் கழுவி, தேய்த்து, ட்ரே ட்ரேயாக அடுக்கிக் கட்டி, ஆட்டோகிளேவில் நூற்று முப்பத்துநாலு டிகிரி நீராவி. கட்டின் மேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தால் உள்ளே உயிர் இல்லை என்று அர்த்தம். இருபத்தாறு வருஷத்தில் என் கதவைத் தாண்டி உயிரோடு ஒன்றும் போனதில்லை.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அவருக்கு அறுவை நடந்த அன்று காலை தலை அறுவைகள் இரண்டு இருந்தன. ஒரு பஸ் டிரைவருக்கு நாலாம் நம்பர் ட்ரே, உன் வீட்டுக்காரருக்கு ஏழாம் நம்பர் என்று எழுதியிருந்தது. ஏழு கொஞ்சம் பழசு, அதில் ஒரு கத்தரி இறுக்கமாகத் திரும்பும். நாலுதான் எங்களிடம் இருப்பதிலேயே நல்ல செட். சீட்டை மாற்றி ஒட்டி, நாலை நம் ஆளுக்கு அனுப்பிவிட்டேன். பதிவேட்டில் தொடவில்லை. விதிப்படி தப்புதான். ஆனால் அங்கேயே வேலை செய்துகொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் அக்கா எதற்கு?

உன் அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டோடு மாப்பிள்ளை வகுப்பில் சக்கைப்போடு போட்டார். தலைமையாசிரியைதான் முகம் சுளித்தார், அவர் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறாராம், எனக்கு எப்படித் தெரியும்.

கடைசிப் பெஞ்சில் ஒரு பெண், "டீச்சர், நீராவிக்கும் சாகாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். எங்கள் அக்கா அறையில் அப்படி எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். அவரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? இப்போது கண்ணாடி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "நமக்கு ஸ்பெஷல் ட்ரே" என்று பீற்றிக்கொள்கிறார். முடி அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறைக்கு நீ வந்தே ஆகவேண்டும்.

அன்புத் தங்கை

ஜூலை 24

சின்னவளுக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் இந்த வருஷம் ரத்தம் கொடுக்க வேண்டாம். பெரிய அறுவைக்குப் பிறகு உடம்பில் ரத்தம் ஊற நாளாகும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். நீ பக்குவமாகச் சொன்னால் கேட்பார். கட்டாயம் சொல்.

அக்கா

ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதம் கழித்து எழுதினாய், அதுவும் பள்ளிக்கூட நோட்டீஸ் மாதிரி ஏழு வரி. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அங்கே யாராவது உன்னை ஏதாவது சொன்னார்களா?

அவரிடம் சொன்னேன். உடனே போய் ரத்தப் பரிசோதனை செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதம் வாங்கி வந்துவிட்டார். "உங்க அக்காவுக்கு இதையும் அனுப்பு" என்கிறார். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர்? முகாமில் ஐம்பதாவது கொடையென்று மேடையில் கூப்பிடப் போகிறார்களாம், சட்டை கூடத் தைத்தாகிவிட்டது.

மற்றபடி சுகம்தான். நேற்று ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை இரண்டு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார். பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. "தலையத் தொறந்தவங்க அளவை உள்ளயே விட்டுட்டாங்க போல" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

அன்புத் தங்கை

ஆகஸ்ட் 12

சின்னவளே,

போனில் சொன்னால் அவர் பக்கத்தில் இருப்பார், அதனால் இதைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன், முகாமுக்கு முன்னால் கிடைத்துவிடும். தனியாக இருக்கும்போது படி. உட்கார்ந்து படி.

உன் வீட்டுக்காரரின் அறுவைக்கு மூன்று நாள் முன்னால் ஒரு வயதான தையற்காரருக்கு மண்டையைத் திறந்து ஒரு துளி சதை எடுத்தார்கள். ஞாபகம் தடுமாறி, கை கால் துள்ளி, கடைசியில் பெற்ற மகளையே தெரியாமல் போன மனிதர். என்ன நோய் என்று அப்போது பிடிபடவில்லை. ஜூலையில் செத்துப் போனார். மூளையை வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள், இருபதாம் தேதி முடிவு வந்தது. பிரியான் நோய்.

உன் வகுப்புப் பெண் கேட்டாளே, அது இருக்கிறது. நான் உனக்கு எழுதிய பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. பயிற்சியில் ஒரு பக்கம் படித்தது, இங்கே வரும் என்று நினைத்ததே இல்லை. அது பாக்டீரியா இல்லை, வைரஸ் இல்லை, பூஞ்சை இல்லை, உயிரே இல்லை. கோணலாக மடிந்த ஒரு புரதம், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போல மடிய வைக்கும், அது அடுத்ததை. உயிர் இருந்தால்தானே கொல்வதற்கு? எங்கள் வழக்கமான நீராவியில் அது முழுதாக அழியாது. இரும்பில் ஒட்டிக்கொண்டு இருக்கும். டேப்பில் கறுப்புக் கோடு ஒழுங்காகத்தான் விழுந்திருந்தது.

அந்தத் தையற்காரருக்குப் போனது நாலாம் நம்பர் ட்ரே.

அதற்குப் பிறகு அது பதினொரு பேருக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவை கழுவும்போதும் ஆபத்து குறையும் என்கிறார்கள். அப்படியென்றால் முதல் ஆளுக்குத்தான் அதிகம். முதல் ஆள் யார் என்று நான் உனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஏழாம் நம்பரை எடுத்து ஓரமாக வைத்த இந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. சோற்றில் வைக்கப் பிடிக்கவில்லை.

வராமலே போகலாம். ஆயிரத்தில் ஒருவருக்கோ, நூற்றில் ஒருவருக்கோ, யாராலும் சொல்ல முடியவில்லை. வந்தால் இரண்டு வருஷத்திலும் வரலாம், இருபது வருஷத்திலும் வரலாம். முன்கூட்டிக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இல்லை, வந்தால் மருந்து இல்லை. அளவு தப்பி வெட்டினார் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஆறு மாதத்துக்குள் எதுவும் தெரியாது, அது வெறும் கைத்தவறுதான் என்று மூளைக்குத் தெரிகிறது, மனசுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் எங்கள் பிரிவில் மூன்று பேரைக் கூப்பிட்டு, "கமிட்டி முடிவு பண்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. ஊரே பயந்துடும்" என்றார். அவர் மேசையில் பதினொரு பெயர் இருக்கிற பட்டியலைப் பார்த்தேன். முதல் பெயர் அந்த பஸ் டிரைவர். பதிவேட்டில் அவருக்கு நேரேதானே நாலு என்று இருக்கிறது. உன் வீட்டுக்காரர் பெயர் எங்கேயும் இல்லை. உலகத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கு.

ரத்தத்தின் வழியாக இது பரவுமா என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. ஆனால் இப்படிப்பட்டவர்கள் ரத்தம் கொடுக்கவே கூடாது என்பது விதி. எதையாவது சொல்லி நிறுத்து. காலில் விழுந்தாவது நிறுத்து. ஏன் என்று மட்டும் அவரிடம் சொல்லாதே, பாவம், மிச்ச நாளை நிம்மதியாகக் கழிக்கட்டும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. சீட்டு மாற்றியது தெரிந்தால் வேலை மட்டும் போகாது, வழக்கும் வரும். படித்ததும் கிழித்துப் போடு.

என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுது.

அக்கா

ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுப் பத்தரை மணிக்குத்தான் வந்தது. அவர் பதினாலாம் தேதியே கொடுத்துவிட்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறினார், எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நேராகக் கடைக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு இரண்டு தடவை படித்தார். உட்காரவில்லை, ஒன்றும் உடைக்கவில்லை. "அந்த டிரைவர் பேரு லிஸ்ட்ல இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒண்ணுமே இல்லாத ஆளு பயந்து சாகணுமா?" என்றார். பிறகு கடையைப் பூட்டினார். ரத்த வங்கிக்கு நடந்தே போனோம். வழியில் அவர் என் கையைப் பிடிக்க வந்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். தொட்டால் ஒட்டிக்கொள்ளாது என்று நான்தான் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டேன்.

கொடுத்த ரத்தத்தை மூன்றாகப் பிரிப்பார்களாம். இரண்டு பை இன்னும் குளிர்பெட்டியில் இருந்தது. மூன்றாவது பை முந்தின நாள் பிரசவ வார்டுக்குப் போய்விட்டது. நிறைய ரத்தம் போன ஒரு பெண்ணாம், பிழைத்துக்கொண்டாளாம், குழந்தையும் நலம் என்று அந்த அதிகாரி சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்தார்.

நீ ட்ரேயை மாற்றியதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் மாற்றியிருப்பேன். ஜூலை இருபதாம் தேதியே உனக்குத் தெரியும். இருபத்துநாலாம் தேதி, ரத்தம் ஊறவில்லை என்று எனக்குப் பொய் எழுதினாய். அன்றே உண்மையை எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வேறு யாருடைய ரத்தமோ போயிருக்கும். இந்த இருபத்துமூன்று நாளை என்னால் விழுங்க முடியவில்லை, அக்கா. என்னைத் திட்டு என்று எழுதியிருக்கிறாய். நேற்றிலிருந்து தேடுகிறேன், அதற்குத் தக்க வார்த்தை என்னிடம் இல்லை.

இன்னொன்று. எனக்காவது நீ இருந்தாய், தாமதமானாலும் எழுதினாய். மற்ற பத்துப் பேருக்கு அந்த அறையில் அக்கா இல்லை. அவர்களில் யாராவது இந்த வாரம் ரத்தம் கொடுக்கலாம். யாராவது வேறொரு ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்துகொள்ளப் படுத்திருக்கலாம்.

இது எப்படித் தெரியும் என்று ரத்த வங்கியில் கேட்டார்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்றார்கள். உன் ஆஸ்பத்திரியில் விசாரித்தாலும் பட்டியலில் இவர் பெயர் இருக்காது அல்லவா? உன் கடிதத்தைக் கேட்டார்கள். மார்ச் மாதக் கடிதமும் வீட்டில் இருந்தது, போய் எடுத்து வந்தேன். இரண்டையும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். உன் முழுப் பெயர், பிரிவு, வீட்டு விலாசம் எல்லாம் ஒரு படிவத்தில் எழுதச் சொன்னார்கள்.

"உங்க அக்கா பேரு வராம ஏதாவது வழி இருக்கா, கேட்டுப் பாரு" என்று அவர் என் காதருகே சொன்னார். நான் கேட்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தங்கை