இறக்கையில் ஐஸ் பிடித்த நாள்

இன்று மத்தியானம் பூனாகலைப் பக்கம் இடி இறங்கியது. டீவி பிளக்கைக் கழற்றினேன், ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கழற்றினேன். உன் மேசைக்குப் பக்கத்துச் சுவருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே இப்போது எதுவும் செருகியிருக்கவில்லை. ஆனாலும் தொட முடியவில்லை.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது நீ பள்ளிக்கூடச் சீருடையில் நின்ற நாத்தனார். பிறகு பல்கலைக்கழகம், ஆராய்ச்சி என்று போனவள், உடம்புக்கு முடியாமல், பதுளை ஆஸ்பத்திரி மருந்துகளோடும் ஒரு பெரிய கம்ப்யூட்டரோடும் வீட்டுக்குத் திரும்பினாய்.

"விமானத்து இறக்கையில ஐஸ் எப்படிப் பிடிக்குதுன்னு இதுக்குள்ளயே செஞ்சு பார்க்கிறேன் அண்ணி."

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். உன் பழைய புத்தகங்களில் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்தவள். கேட்டேன்: "பெரகல பஸ்ஸும் தினம் பனிக்குள்ளதான் வருது. அதுல ஐஸ் பிடிக்கலையே?"

"அது அவ்வளவு ஒசரம் பறக்குறதில்ல அண்ணி."

"அந்த டிரைவர் ஓட்டுறதப் பார்த்தா பறக்காதுன்னு சொல்ல முடியாது புள்ள."

இருமல் வரும்வரை சிரித்தாய். பிறகு பொறுமையாகச் சொன்னாய்: மேலே, உறைந்துபோக வேண்டிய குளிரிலும் மேகத்துத் துளி தண்ணீராகவே மிதக்கும், இறக்கை வந்து மோதியதும் அந்த இடத்திலேயே கட்டியாகிவிடும். கட்டி ஏற ஏற இறக்கையின் உருவம் மாறிப்போகும். கம்ப்யூட்டர் மெல்லிசாக ஒரு படை ஐஸுக்குக் கணக்குப் போட்டு, மாறிய உருவத்தின்மேல் காற்று எப்படி ஓடும் என்று மறுபடி கணக்குப் போட்டு, அடுத்த படைக்குப் போகும். அதனால்தான் நாள்கணக்கில் ஓடுகிறது.

நான் திரைக்கு மேலே திருநீறு பூசி, ஐஸ் பிடிக்கக் கூடாது முருகா என்று வேண்டினேன்.

"ஐயோ, பிடிக்கணும்னு வேண்டுங்க அண்ணி! இங்க பிடிச்சாத்தானே நெச விமானத்துல எங்க பிடிக்கும்னு சொல்ல முடியும்?"

வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். எத்தனை சதவீதம் முடிந்தது என்று காலையும் மாலையும் கொப்பியில் குறிப்பதும் என் வேலையானது.

அது அந்தக் கணக்கின் கடைசி ஓட்டம். முடிந்தால் உன் ஆராய்ச்சியே முடிந்த மாதிரி. ஆறு நாள் ஓடியிருந்தது. அன்று மத்தியானம் இடி. நீ மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். இந்த மலையில் பிறந்தவர்களுக்கு இடி கேட்டால் கை யோசிக்காது. எல்லா பிளக்கையும் பிடுங்கினேன். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் நின்றதில்தான் நீ விழித்தாய்.

"அண்ணி... என்ன செஞ்சீங்க?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ கட்டிலிலிருந்து கையை நீட்டி என் தலையைத் தொட்டாய். "நடுவுல நடுவுல சேமிக்கச் சொல்லி கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்காதது என் தப்பு. அழாதீங்க." அன்றைக்கே முதலிலிருந்து தொடங்கினாய்.

நீ கண்ணை மூடி நாலு நாள் கழித்து அது முடிந்தது. இறக்கையின் முன் ஓரத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக, இரண்டு கொம்பு முளைத்தாற்போல ஐஸ் ஏறியிருந்தது. உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரால் திரையைப் பார்க்க முடியவில்லை. உன் பேராசிரியருக்கு அனுப்பினோம். சரியாக வந்திருக்கிறது என்று எழுதினார்.

கொப்பியை எடுத்து நாட்களைக் கழித்துப் பார்த்தேன். நான் பிடுங்காமல் இருந்திருந்தால், நீ போவதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்திருக்கும். முடிந்திருக்க வேண்டிய அந்த நாளில் நீ சாய்ந்து உட்கார்ந்து அரை டம்ளர் கஞ்சி குடித்தாய். பேச்சு தெளிவாக இருந்தது. "இன்னும் எத்தனை நாள் அண்ணி?" என்று கேட்டாய்.

"ஆறு" என்றேன்.

நீ என்னை மன்னித்தாய், தெரியும். ஆனால் இப்படி முடியும் என்று தெரியாமல் மன்னித்தாய். அதனால்தான் இந்த மன்னிப்பைச் சாமியிடம் கேட்காமல் உனக்கு எழுதுகிறேன்.