வெடித்த வயலில் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

அகிதாவில் மழை விட்டதா? இடுப்பு வலி தேவலையா? வியட்நாமில் நான் நலமாக இருக்கிறேன்.

பயிர் பாதி வளர்ந்ததும் வயல் தண்ணீரை வடித்தால் மீத்தேன் குறையும் என்று எங்கள் ஜப்பான்-வியட்நாம் கூட்டுக் குழு சொன்னதை விவசாயி லொக் மாமா நம்பவில்லை.

"பயிரு செத்தா நீங்களா சோறு போடுவீங்க?"

எனக்குத்தான் வாதாட வராதே. வெடித்த வயலில் நீங்கள் நிற்கும் படத்தைக் காட்டினேன்.

"இந்த மனுசனுக்கென்ன பைத்தியமாம்மா?"

"எங்கப்பா மாமா. வருஷாவருஷம் இப்படித்தான் காயப்போடுவாரு. அந்த நெல்லுதான் என்னைப் படிக்க வெச்சுது."

அவர் சிரித்துக்கொண்டே போய் மடையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டார். நன்றி அப்பா.

இந்த வருடப் படமும் அனுப்புங்கள். பக்கத்து வயல்காரர்கள் கேட்கிறார்கள். அம்மாவும் கூட நிற்கட்டும். வெடிப்பின் அளவு தெரிய ஆள் வேண்டும். இருவர் முகமும் தெளிவாக விழட்டும்.

வயலுக்குப் போகும் படகு கிளம்புகிறது.

உங்கள் மகள்
சிஹாரு