கொண்டையில் செருகிய கம்பி

மதினி,

நேற்று மத்தியானம் உங்கள் மகள் வந்து ஒரு மஞ்சள் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பையைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசம்தான். அந்துருண்டையும் பழைய கம்பளி நூலும் கலந்த வாசம். உள்ளே பாசிப்பச்சை நூல் ஒரு உருண்டை, வழவழவென்று சீவிய இரண்டு மூங்கில் குச்சிகள், அடியில் துணியில் சுற்றிய சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்று. அந்தக் கம்பியைப் பார்த்ததிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தையே நாலு தரம் எழுந்து போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். "ஒனக்குக் கால்ல சக்கரமா கட்டியிருக்கு புள்ள?" என்று கேட்பீர்களே, அது இன்னும் கழலவில்லை.

நாரணாபுரத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. உறவென்று ஒன்றும் கிடையாது. உங்கள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் நீங்கள் எனக்கு மதினி. இரண்டு பேருக்கும் ஒரே பட்டாசு கம்பெனியில் வேலை. எனக்குப் பத்தொன்பது வயது, உங்களுக்கு மிஞ்சிப்போனால் இருபத்தைந்து இருக்கும். அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். சீனாக்காரனோடு சண்டை வந்த அந்த வருஷம் அவர் வடக்கே ஏதோ பனிமலையில் இருந்தார், எந்த மலை என்று உங்களுக்கே தெரியாது. கடுதாசி வருவது நின்று ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு மூட்டைக் கம்பளி நூலோடு வந்தார். சிப்பாய்களுக்கு ஸ்வெட்டர் வேண்டுமாம், பின்னத் தெரிந்தவர்கள் பின்னித் தர வேண்டுமாம். தெரிந்தவர் ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான், அண்ணனோடு வடக்கே ஒரு வருஷம் இருந்தபோது கற்றுக்கொண்டது. நம்முடையதோ கார்த்திகையிலும் வேர்க்கிற ஊர். நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு மனுசன் உசுரோட இருப்பானா?" என்று நான்தான் கேட்டேன். எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும். "இது இல்லாட்டித்தான் புள்ள இருக்க மாட்டான்" என்றீர்கள். மறுநாள் சாயங்காலம் உங்கள் வாசல் வேப்பமரத்தடியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம், எல்லோரும் நம் கம்பெனிக்காரிகள்தான்.

பின்னல் ஊசிக்கு எங்கே போவது? சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட கம்பிகளை வாங்கி வந்து நுனியைக் கல்லில் தேய்த்துக்கொண்டோம். என் முதல் ஸ்வெட்டருக்கு ஒரு கை முழங்கையோடு நின்றது, மறு கை முழங்காலைத் தொட்டது. நீங்கள் அதை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்து, "நல்லாத்தான இருக்கு, இதுக்குத் தோதா ஒரு சிப்பாயத் தேடிப் பிடிப்போம்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம், நீங்களும்தான். கடுதாசி நின்றதிலிருந்து நீங்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்காகவே இன்னொரு கோணல் ஸ்வெட்டர் பின்னலாம் போல இருந்தது.

அந்த மரத்தடியில் யாரும் உங்களிடம் "கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டதில்லை. "எத்தன வரிசை ஆச்சு மதினி?" என்றுதான் கேட்போம். "ஆச்சு, இருவது" என்பீர்கள். வரவில்லை என்று புரிந்துகொள்வோம். ஒருத்தி உங்கள் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவாள், ஒருத்தி உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறூட்டுவாள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துச் செய்ததில்லை.

நான் மட்டும் அங்கேயும் அவசரக்காரி. பட்டாசு வேலைக்கு வருமுன் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிப் பழகிய கை என்னுடையது. அங்கே ஒரு குச்சி விழுந்தால் குனிந்து தேடக் கூடாது, அடுத்த குச்சியை எடுக்க வேண்டும். அதே வேகத்தில் கம்பியிலிருந்து நழுவிய ஒரு கண்ணியை விட்டுவிட்டு மேலே பத்து வரிசை பின்னிவிட்டேன். கீழே கண்ணி கண்ணியாக அவிழ்ந்துகொண்டே போனது. "இது தீக்குச்சி இல்ல புள்ள. விட்ட எடத்துக்குத் திரும்பிப் போயி எடுத்துட்டு வா" என்றீர்கள். எனக்குத் திரும்பிப் போவதென்றால் வேப்பங்காய்.

இப்போதுகூட, அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து, எழுதுவதைப் போட்டுவிட்டு ஓடினேன். பொங்கிவிட்டது. சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் எனக்கு இப்படி ஏதாவது ஒன்று பொங்கிவிடும்.

சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற அறைக்குள் இரும்பு போகக் கூடாது. தரையில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும், அறையும் இல்லை, ஆளும் இல்லை. கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வாசலில் இருக்கும் டப்பாவில் போட்டுவிட்டு, கூந்தலை இறுக முடிந்துகொண்டுதான் நுழைவோம். அன்று சாப்பாட்டு நேரத்தில் வேலியோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. பின்னியதை ஒரு கம்பிக்கு மாற்றித் தூக்குச்சட்டியோடு சுருட்டி வைத்தேன். மறு கம்பி கையில் இருந்தது. ஒழுங்காகக் கொண்டை ஊசிகளைக் கழற்றி டப்பாவில் போட்டேன். கொண்டை அவிழ்ந்தது. கையில் இருந்த கம்பியை யோசிக்காமல் கொண்டையில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மருந்துத் தட்டை எடுக்கக் குனிந்தபோது கம்பி விழுந்தது. சிமெண்ட் தரையில் 'டிங்' என்று ஒரு சத்தம். ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எல்லோரும் வெளியே ஓடினோம், நீங்கள் மட்டும் ஓடவில்லை. ஈரத்துணியைக் கம்பிமேல் போட்டுப் பிள்ளையைத் தூக்குவது போல எடுத்துக்கொண்டு கடைசியாக வந்தீர்கள்.

ஃபோர்மேன் முற்றத்தில் நின்று கத்தினார். "யாரு கம்பி இது? இப்பச் சொல்லணும்!"

என் வாயில் கொழுக்கட்டை. பிறகு என்னென்னவோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், கல்யாணம் பேசியிருந்தார்கள், அப்பா அடிப்பார் என்று. அதெல்லாம் சாக்கு மதினி. பயம், அவ்வளவுதான்.

"எங்கம்பிதான். மறந்துட்டேன்" என்றீர்கள்.

"நாளையிலருந்து இங்கன வராத."

நீங்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். என்னை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் உங்கள்மேல்கூடக் கோபப்பட்டிருக்கிறேன்.

சாயங்காலம் மரத்தடிக்கு வரக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்களே வாசலில் வந்து, "என்ன, ஸ்வெட்டரு தானா நடந்து பனிமலைக்குப் போயிருமா?" என்று கூப்பிட்டீர்கள். அங்கே ராக்கெட்டுக்குக் கட்டும் மூங்கில் குச்சிகளில் கழிவானவற்றை வைத்துக்கொண்டு, கண்ணாடித் துண்டால் சீவிச் சீவி ஆளுக்கு இரண்டு கொடுத்தீர்கள். "இனிமே யாரும் கம்பியத் தொடக் கூடாது" என்றீர்கள். அவ்வளவுதான். அதன்பிறகு பகலெல்லாம் வீட்டில் தீப்பெட்டி ஒட்டினீர்கள். அண்ணன் கடுதாசி தை மாதம் வந்தது. அன்றைக்கு ஏழு பேரும் அழுத அழுகையில் எனக்கு மட்டும் இரண்டு அழுகை இருந்தது.

பங்குனியில் நான் கல்யாணமாகி மல்லாங்கிணறு வந்துவிட்டேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று எத்தனை தரம் உங்களைப் பார்த்திருப்பேன்! ஒவ்வொரு தரமும் இன்று சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறுவேன். உங்களைப் பார்த்ததும் மழை, பருத்தி, மருமகள் என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு எழுந்து ஓடிவருவேன். நீங்களும் விடமாட்டீர்கள். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன வரிசை ஆச்சு புள்ள?" என்பீர்கள். நான் ஊசியைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு பஸ்சைப் பிடிப்பேன். போன ஆடியில், கண்ணை மூடுவதற்கு முன்னால் கட்டிலோடு கிடந்தபோதும் அதையேதான் கேட்டீர்கள். "எங்க மதினி, கை நடுங்குது" என்றேன், மடச்சி.

நேற்று உங்கள் மகள் கம்பியை எடுத்து என் கையில் வைத்தாள். "இது ஒங்களுதாம்ல அத்தை. ஃபோர்மேன் தூக்கி வீசினத எடுத்து அம்மா பத்திரமா வச்சிருந்தாக."

"அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

அவள் சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டீக! அன்னைக்குக் கம்பெனி முத்தத்துல நீங்கதான தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு நின்னீக. அம்புட்டுப் பேருக்கும் தெரியுமாம். 'யாரும் அவளக் கேக்கக் கூடாது, அவளா வந்து சொல்லுவா'ன்னு அம்மாதான் சொல்லி வச்சிருந்தாக."

அவிழ்ந்த கூந்தலோடு நின்றிருக்கிறேன் மதினி. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே அத்தனை பேரும் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு பேரும் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டார்கள், நான்தான் எனக்காக வாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் உங்கள் மூங்கில் குச்சிகளில் அந்தப் பச்சை நூலைக் கோத்தேன். கை நடுங்கத்தான் செய்கிறது. ஐந்தாவது வரிசையில் ஒரு கண்ணி விழுந்தது. எழுந்து ஓடாமல் பிரித்து, விட்ட இடத்துக்குப் போய் எடுத்தேன். எத்தனை வரிசை ஆச்சு என்று கேட்டீர்கள் அல்லவா? நீங்கள் கேட்டது பின்னலை இல்லை, நான் சொல்லாமல் விட்ட ஒரே வரியைத்தான் மதினி.

அந்தக் கம்பி என்னுது.